வளைவைப் பார்த்துக் கட்டுங்கள்

தூண்டில் கம்பைச் சொந்தமாகக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டு யாராவது என்னிடம் வந்தால், இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பரணில் கிடக்கும் பழைய ராடு ஒன்றை எடுங்கள். அதில் நரம்பு ஓடும் வளையமான கைடு ஒன்றாவது துருவேறியிருக்கும், அல்லது உள்வளையம் கழன்றிருக்கும். அதை மட்டும் பிரித்து, வேறு கைடு வைத்து, நூல் சுற்றி, எப்பாக்சி பூசிப் பாருங்கள். கம்பு கட்டுவதில் உள்ள கைவேலையில் பெரும்பகுதி அந்த ஒரு கைடிலேயே பழகிவிடும். பழைய நூலைக் கீறும்போது பிளேடு கைடின் இரும்புப் பாதத்தின் மேலேயே ஓடட்டும். கம்பின் மேல் ஓடினால் கார்பன் இழை அறுபடும். பெரிய மீன் இழுக்கிற நாளில் கம்பு சரியாக அந்த இடத்தில் முறியும்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். பிளாங்க் என்கிற வெறும் குழல், கைடு, ரீல் சீட், கார்க், நூல், எப்பாக்சி என்று தனித்தனியாக வாங்கினால் கடையில் தொங்கும் ராடின் விலையைத் தாண்டிவிடும். கிடைக்கும் லாபம் வேறு வகை. நான் தூண்டில் போடுவது முட்டுக்காடு, கோவளம் பக்கத்து உப்பங்கழிகளில், கொடுவாவுக்காக. பாறை இடுக்கிலும் பாலத்தூண் நிழலிலும் பதுங்கும் மீன் அது. கவ்வியதும் தூணைச் சுற்றி ஓடப் பார்க்கும், ஆகவே கம்பின் அடிப்பாதி முரட்டுத்தனமாக நிற்க வேண்டும். அதே மீன் நீருக்கு மேலே எம்பித் தலையை உதறும். நுனியும் விறைப்பாக இருந்தால் அந்த உதறலில் முள் கழன்றுவிடும். பதினைந்து, இருபது கிராம் இறால் லூரை (செயற்கை இரையை) வீசவும் நுனி இளக வேண்டும். இத்தனையும் சேர்ந்த கம்பு வேண்டும் என்பதால்தான் கட்டத் தொடங்கினேன். நீங்களும் எந்த நீர், எந்த மீன், எந்த எடை லூர் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். விராலுக்குத் தவளை லூர் போடுகிறவருக்கும், மண்டபம் கரையில் பாறை மீனுக்கு வீசுகிறவருக்கும் ஒரே பிளாங்க் சரிவராது.

முதல் கம்புக்கு ஏழடி, இரண்டு துண்டாகப் பிரியும் ஸ்பின்னிங் பிளாங்க் போதும். நீளமான ஒற்றைத் துண்டைப் பார்சலில் வரவழைப்பது பெரும்பாடு. பிசின் தோய்ந்த கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியை, நுனி சிறுத்த எஃகுத் தண்டின் மேல் சுருட்டி, அடுப்பில் சுட்டு, தண்டை உருவி எடுத்தால் கிடைக்கும் குழல்தான் பிளாங்க். சுருட்டிய துணியின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் ஒரு பக்கம் சற்று விறைப்பாக நிற்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். ஸ்பைனைக் கண்டுபிடித்து அதன் நேர்க்கோட்டில்தான் கைடுகளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பு முறுக்கும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பாரம் ஏறும்போது கம்பைத் திருகுவது கைடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான். ஸ்பின்னிங் கம்பில் கைடு கீழே தொங்குவதால் அந்தத் தொல்லையே இல்லை. பிளாங்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டுங்கள். எந்தக் கோட்டில் அது நேராகத் தெரிகிறதோ அதில் கைடுகளை வையுங்கள்.

இந்தப் பிளாங்க் வருமுன் மூங்கில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கம்பு செய்தவர்கள் இந்தியாவிலிருந்து போன கல்கத்தா மூங்கிலைப் பிளந்து ஒட்டினார்கள். பிற்பாடு சீனாவின் டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. கார்பன் கம்புகள் விற்பனைக்கு வந்தது 1970-களில்.

“அண்ணே, ஏழடிக் கம்புக்கு எத்தனை கைடு போடணும்?” என்று கேட்கிற தம்பிகள் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அடிக்கு ஒன்று, கூட ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் கம்பு நன்றாக அமைவதும் அமையாததும் தீர்மானமாகிற கட்டம் இதுதான். அட்டவணையை நம்பி நூல் சுற்ற உட்காராதீர்கள். கைடுகளை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டுங்கள். ரீலை மாட்டி, நரம்பை எல்லாக் கைடிலும் கோத்து, நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். கம்பை மெல்லத் தூக்கி, படுக்கைவாட்டுக்கும் நெட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். செங்குத்தாக உயர்த்தினால் வளைவு முழுவதும் நுனியில் குவிந்து முறியும், எச்சரிக்கை. இப்போது இன்னொருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நரம்பு கம்பின் வளைவை ஒட்டியே போக வேண்டும். ஏதாவது ஒரு கைடில் அது முழங்கை மடிவதுபோல் சட்டென மடிந்தால், பாரம் அந்த இடத்தில் குவிகிறது என்று பொருள். பக்கத்துக் கைடை நகர்த்துங்கள். போதவில்லை என்றால் ஒன்றைக் கூட்டுங்கள். வளைவு சீராகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நேரம் இதுதான். பிளாங்க் எங்கே இளகுகிறது, எங்கே எதிர்த்து நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து, வீசிப் பார்த்து முதல் கைடை முடிவு செய்யுங்கள். ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு பெரிய வளையங்களாகக் கிளம்பும். முதல் கைடு ரீலுக்கு மிக அருகில் இருந்தாலோ, துளை மிகச் சிறிதாக இருந்தாலோ அது தொண்டையை நெரிக்கும், தூரம் குறையும். 3000 அளவு ரீலுக்கு முதல் கைடு 25 மி.மீ. வளையத்தோடு, ரீலிலிருந்து ஐம்பது, அறுபது செ.மீ. தள்ளித் தொடங்கி முன்பின் நகர்த்திப் பாருங்கள். அடுத்தவை 16, 10 என்று சிறுத்து, நுனிப் பக்கம் எல்லாம் ஒற்றைப் பாதமுள்ள சிறிய கைடுகளாக முடியட்டும். நுனியில் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் கம்பு நிமிரும் வேகத்தைக் குறைக்கும். பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு போடுகிறவர்கள் சிலிக்கன் கார்பைடு உள்வளையத்துக்குச் செலவழிக்கலாம். உப்பும் மணலும் ஏறிய பிரெய்டு மலிவான உலோக வளையத்தில் பள்ளம் அறுக்கும். பிறகு அந்தப் பள்ளமே பிரெய்டை அறுக்கும்.

ரீல் சீட்டையும் கைப்பிடியையும் ஒட்ட நிதானமாக இறுகும் எப்பாக்சி வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம். சீட்டுக்கும் பிளாங்குக்கும் இடையில் மாஸ்கிங் டேப்பை இடைவெளி விட்டு வளையமாகச் சுற்றி, அந்த இடைவெளிகளை எப்பாக்சி முழுவதும் நிரப்பும்படி ஒட்டுங்கள். காகித டேப் வெளியே தெரிந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுனிக் கைடை மட்டும் சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். அது உடைந்தால் குழாயை மட்டும் லேசாகச் சூடாக்கிக் கழற்றிவிடலாம்.

நூல் சுற்ற இயந்திரம் தேவையே இல்லை. அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் ‘வி’ வடிவில் வெட்டிக் கம்பைக் கிடத்துங்கள். நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுங்கள். அந்த அழுத்தம் போதும். நூலைச் சுற்றாதீர்கள், கம்பை உருட்டுங்கள். தையல் நூல் பழகுவதற்கு மட்டும் சரி, அதன் பிசிறு எப்பாக்சியைத் துளைத்துக்கொண்டு நிற்கும். சுற்றி முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது ஒரு நூல் கண்ணியை அடியில் வைத்துச் சுற்றுங்கள். கடைசியில் நூல் முனையை அதில் கோத்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் உள்ளே புதைந்துவிடும். எல்லாக் கைடும் ஏறியபின் கம்பின் நுனியிலிருந்து ஒற்றைக்கண்ணால் பாருங்கள். விலகி நிற்பதை விரலால் தள்ளலாம். அதற்கு இடம் கொடுக்கும் அளவே நூல் இறுக்கம் இருக்கட்டும்.

மேல்பூச்சு எப்பாக்சியின் இரு பாகங்களையும் தனித்தனி சிரிஞ்சில் சம அளவு எடுங்கள், பாகத்துக்கு மூன்று மி.லி.யாவது. அதைவிடக் குறைந்தால் சிறிய அளவுப்பிழையும் பூச்சைப் பிசுபிசுப்பாகவே நிறுத்திவிடும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்புங்கள். குமிழி வெளியேறும், வேலை செய்யவும் நேரம் கிடைக்கும். நம் கோடையில் கோப்பையிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் கெட்டியாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசவே வேண்டாம், காற்றின் ஈரத்தில் பூச்சு பால்போல் மங்கும். பூசியபின் கம்பு சில மணி நேரம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான், இதற்குக் கச்சிதம். எத்தனை வோல்ட் என்பதை லேபிளில் பார்த்து, இணைப்புகளை மூடிப் பயன்படுத்துங்கள். மோட்டார் இல்லையென்றால் சில நிமிடத்துக்கொரு முறை கையால் கால் சுற்று திருப்பலாம்.

சில நாள் ஆறவிட்டு மீனுக்குக் கொண்டு போங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு கைடின் பாதமும் முடியும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால், நூல் சுற்றுமுன் பாதத்தின் முனையை அரத்தால் தேவையான அளவு மெலிதாக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கைடை மட்டும் பிரித்து, அராவி, மறுபடி கட்டுங்கள்.