மீன் தொட்டி ஸ்டாண்டு: சுமை தரைக்கு இறங்கும் வழி



நம்மில் பல பேருக்கு மீன் வளர்க்கும் ஆசை உண்டு. கப்பி, பெட்டா என்று சின்னதாக ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் மூன்றடித் தொட்டி வேணும் என்று மனசு கேட்கும். தொட்டியைக் கடையில் வாங்கிவிடலாம். அதைத் தாங்கும் ஸ்டாண்டின் விலையைப் பார்த்ததும், "நாமே செஞ்சா என்ன?" என்று தோணும். தாராளமாகச் செய்யலாம். நான் பொறியியல் படிக்கிற மாணவன். போன செமஸ்டர் விடுமுறையில் என் தம்பியோடு சேர்ந்து ஒன்று செய்தேன். அதிலிருந்து ஒரு பாடத்தை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு

எங்கள் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். விளிம்பில் 3 செ.மீ. விட்டுத் தண்ணீர் ஊற்றினால் சுமார் 170 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மணல் போட்டால் அந்த இடத்துத் தண்ணீர் கொஞ்சம் குறையும். சுமார் 160 கிலோ என்று வைப்போம். 8 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 32 கிலோ. 5 செ.மீ. உயரத்துக்கு மணல் இன்னொரு 30 கிலோ. கல், பில்டர், விளக்கு எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

அதாவது, நாலு பெரியவர்கள் இரவும் பகலும் இறங்காமல் அந்த ஸ்டாண்டின் மேல் நிற்கிற மாதிரி. அதே கூடத்தில்தான் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். தொட்டி சரிந்தால் மீன் மட்டும் போகாது.

தாங்குவது ஸ்க்ரூ அல்ல, கட்டை

வேலை நடக்கும்போது தம்பி கேட்டான்: "அண்ணே, ஸ்க்ரூ நிறைய போட்டா பலமா இருக்கும்ல?"

"ஸ்க்ரூ பிடிச்சு வைக்கத்தான்டா. தாங்குறது கட்டையோட வேலை" என்றேன்.

250 கிலோவை நாலு காலுக்குப் பிரித்தால், காலுக்கு 63 கிலோ. 2க்கு 2 இஞ்ச் மெராந்தி கட்டையை இழைத்த பிறகு அதன் முகம் சுமார் 20 சதுர செ.மீ. இருக்கும். ஒரு சதுர செ.மீ.க்கு வருவது 3 கிலோதான். மெராந்தி நார் ஓடும் திசையில் நசுங்க வேண்டுமென்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சில நூறு கிலோ வேணும். ஆகவே கால் நசுங்கும் என்ற பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது மூட்டைத்தான். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து ஸ்க்ரூ முடுக்கினால், முழு எடையும் அந்த ஸ்க்ரூக்களில் தொங்கும். அதே சட்டத்தைக் காலின் தலைமேல் உட்கார வைத்தால், எடை கட்டையிலிருந்து கட்டைக்கு நேராக இறங்கித் தரைக்குப் போகும். செலவு ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். வழி மட்டும் வேற.

மேல் சட்டத்துக்கு 2க்கு 4 இஞ்ச் கட்டையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அப்படி வைத்தால் வளையாமல் நிற்கும் விறைப்பு நாலு மடங்கு ஆகும்.

பக்கவாட்டில் சாய்வது

நாலு குச்சியை மூலையில் ஆணி அடித்துச் சதுரம் செய்து பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் செய்த முக்கோணம் சாயாது. ஸ்டாண்டும் அப்படித்தான். மேலிருந்து வரும் எடையைத் தாங்கிவிடும். ஒரு பிள்ளை வந்து இடித்தால் ஆடும்.

இதற்கு மருந்து லேசானது. பின்பக்கம் முழுதும் 9 மி.மீ. பிளைவுட் வைத்து, பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள்; இடது வலது ஆட்டம் நிற்கும். இரண்டு பக்கங்களிலும் அதே மாதிரி போட்டால் முன் பின் ஆட்டமும் நிற்கும். முன்பக்கம் கதவுக்குத் திறந்தே இருக்கலாம்.

எந்தப் பொருள்?

சிப்போர்டு, எம்டிஎப் வேண்டாம். மீன் தொட்டி என்றால் தண்ணீர் சிந்தத்தான் செய்யும். ஈரம் உள்ளே இறங்கினால் இவை உப்பிப் பிடிப்பு விட்டுவிடும். பழைய டிவி அலமாரியில் தொட்டி வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

மெராந்தி நம்ம ஊர் மரக்கடையில் சுலபமாகக் கிடைக்கும். வளைவு, முடிச்சு, வெடிப்பு இல்லாத கட்டையாகப் பொறுக்குங்கள். மேற்பலகைக்கு, தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட் நல்லது. எல்லா வெட்டு முனைகளையும் வார்னிஷ் பூசி அடையுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

வெல்டிங் தெரிந்தால் சதுர இரும்புக் குழாயும் அருமை. பற்றவைத்த மூலை தானே விறைப்பாக நிற்கும். ஆனால் துருவுக்குப் பெயிண்ட் கட்டாயம். ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக் என்றால் போல்ட்டுதான் எடையைத் தாங்கும், குறுக்குப் பட்டை இல்லாவிட்டால் ஆடவும் செய்யும்.

தொட்டி வைக்கும் முன்

ஸ்டாண்டை நீர்மட்டம் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். தரை சமமில்லை என்றால் காலுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். தொட்டிக்கு அடியில் அல்ல. ஸ்டாண்டு முறுக்கி நின்றால் கண்ணாடியும் சிலிகான் ஒட்டும் அந்த முறுக்கை வாங்கும். அடிப்பலகை நேராக மேசையில் படும் தொட்டிக்கு மெல்லிய நுரைப்பாய் விரிக்கலாம். பிளாஸ்டிக் விளிம்பில் நிற்கும் தொட்டிக்கு அது தேவையில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள். நாலடிக்கு மேற்பட்ட பெரிய தொட்டி என்றால் கட்டடம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வெறும் ஸ்டாண்டின் மேல் மூலையை இடுப்பால் இடித்துப் பாருங்கள். ஆடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு அரிசி மூட்டையும் தண்ணீர் டின்னும் அடுக்கி ஒரு இரவு விடுங்கள். தொட்டி வைத்தபின் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, மட்டம் பார்த்து, அப்புறம் மீதி.

செய்து பாருங்கள்

வெட்டும் முன் ஒரு தாளில் ஸ்டாண்டை வரையுங்கள். தண்ணீரிலிருந்து தரை வரை எடை போகும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள். எங்காவது ஒரு அம்பு ஸ்க்ரூ வழியாக மட்டும் போனால், அந்த மூட்டை மாற்றி வரையுங்கள். ஒரு தாளும் பென்சிலும்தான் செலவு. அதை முடித்த பிறகே ரம்பத்தை எடுங்கள்.