யூனிட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர்

அமெரிக்காவின் லூசிட் கம்பெனி 2007ஆம் ஆண்டில் அத்தீவா என்னும் பெயருடன் தோன்றியது. முதலில் மின்கல அடுக்குகளில் கருத்தைச் செலுத்திய அது, 2021இல் ‘ஏர்’ என்னும் உயர்விலை மின்சாரக் காரை வாங்குவோரிடம் சேர்த்தது. இக்காரின் 2025ஆம் ஆண்டு ‘பியூர்’ வகை, 84 யூனிட் கொள்ளும் அடுக்கைக் கொண்டு 676 கிலோமீட்டர் ஓடும் என்று அரசுச் சோதனை முறைப்படி மதிப்பிடப்பட்டது. அதாவது, யூனிட்டுக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். (மின்னேற்றும்போது நேரும் இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.) ஐந்தே கிலோமீட்டர் ஓடும் காராயின், இதே தொலைவுக்கு 135 யூனிட் கொள்ளும் அடுக்கு வேண்டும். மின்சாரக் காரில் மிகுந்த விலையுள்ள உறுப்பு இவ்வடுக்கே. ஆதலின் அது சிறுத்தால் காரின் விலையும் குறைய இடமுண்டு.

எனினும், ஏரின் சிக்கனத்துக்கு அதன் தாழ்ந்த, வழவழப்பான வடிவமும் ஒரு காரணமாகும். பொதுமக்களுள் பலர் விரும்புவதோ உயரமான கார். அது காற்றின் தடையை மிகுதியாக எதிர்த்துச் செல்லவேண்டும்.

மற்றோர் இடர் தொழிற்சாலையைப் பற்றியது. கார்கள் சிலவாயினும் பலவாயினும் கட்டடம், பொறிகள் ஆகியவற்றின் செலவு பெரிதும் மாறுவதில்லை. 2024இல் விற்பனையான லூசிட் கார்கள் 10,241. அவ்வாண்டின் நஷ்டமோ ஏறத்தாழ 270 கோடி டாலர். இக்கம்பெனியைத் தாங்கி வந்தது பெரும்பாலும் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியே. 50,000 டாலருக்குட்பட்ட கார் ஒன்றைச் செய்யும் திட்டத்தை லூசிட் 2024இல் வெளியிட்டது. உயரமான அக்காரிலும் சிறிய அடுக்கே போதுமானதாயிருந்தால்தான் விலை அவ்வரம்புக்குள் நிற்கும்.