முதியோர் இல்லங்களில் உணவும் நீரும்

நம் நாட்டில் ஊட்ட உணவைப் பற்றிய போதனை பெரும்பாலும் தாயையும் சேயையும் முன்னிட்டே நடைபெற்று வந்துள்ளது. எடை பார்த்தல், மேற்கையின் சுற்றளவை அளத்தல், அளவுகளைப் பதிவேட்டில் குறித்தல் ஆகிய பழக்கங்களை, 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாகவே நம் களப் பணியாளரிற் பெரும்பாலோர் கற்றனர். இப்பழக்கங்கள் வாழ்வின் மறுகோடியில் நிற்போர்க்கும் அத்துணைப் பயன் தருவன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் இந்தியாவில் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மாவட்டம் ஒவ்வொன்றிலும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றையாவது மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வகை செய்தது. அத்தகைய இல்லங்களுக்குச் சென்று பார்வையிடும் பணியாளர்க்கும், அவர்களைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் உரியது இப்பாடம்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுதல் நலம். இல்லத்து முதியவர் மெலிவதற்குக் களஞ்சியத்தில் அரிசியும் பருப்பும் இல்லாமை மட்டும் காரணமன்று. பண்டங்கள் நிறைந்திருக்கும் இல்லத்திலும் மெலிவு உண்டு. வட்டிலில் இட்ட உணவுக்கும் வயிற்றுக்குள் சென்ற உணவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எவரும் அளப்பதில்லை. “வயதானால் இளைப்பது இயல்புதானே” என்னும் சொல்லோ அவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. இளைப்பு முதுமையின் இலக்கணமன்று; காரணம் தேட வேண்டிய குறி அது.

தாகத்தை நம்பலாகாது

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். உணவுக் குறைவு மாதக்கணக்கில் தீங்கு செய்யும். நீர்க்குறைவோ நாட்கணக்கில் செய்யும். வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் வெப்பக் காற்று வீசுங்காலத்தில் அதற்குச் சில மணி நேரமே போதும்.

இளைஞனுக்கு நீர் குறைந்தால் தாகம் எடுக்கிறது, அவன் குடிக்கிறான். முதியவரிடம் இந்த ஏற்பாடு தளர்ந்துவிடுகிறது. 1984இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், 67 முதல் 75 வயது வரையுள்ள நலமான ஆடவர் எழுவரையும் இளைஞர் எழுவரையும் 24 மணி நேரம் நீரின்றி இருக்கச் செய்து, பின்னர் வேண்டுமளவு குடிக்க விட்டனர். முதியவர்கள் தாகம் குறைவாகவே உள்ளதாகக் கூறினர், குறைவாகவே குடித்தனர், அவர்களுடைய இரத்தத்தின் செறிவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இதன்றியும், சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் ஆற்றல் முதிய சிறுநீரகத்தில் குன்றுகிறது. நீரின் பெருங்கிடங்காகிய தசையும் தேய்ந்துபோகிறது. ஆகவே, “தாகம் எடுத்தால் அவரே கேட்பார்” என்று காத்திருப்பது பயனற்றது. மறதி நோய் உற்றவர் கேட்கவே மாட்டார்.

நீர்க்குறைவை அறிவது எங்ஙனம்? குழந்தைகளிடம் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்க்கும் முறை நமக்குப் பழக்கமானது. முதியவரிடம் இம்முறையைக் கையாளலாகாது. நெகிழ்ச்சி இழந்த அவர்தம் தோல், நீர் போதிய அளவு இருக்கும்போதும் மெதுவாகவே படியும். வாய் உலர்தலும் சிறுநீரின் நிறமும் கூட அவர்கள் விஷயத்தில் உறுதியான சான்றுகள் ஆகா. பல மருந்துகள் வாயை உலர்த்துவன. ஐரோப்பிய மருத்துவ ஊட்டவியல் கழகம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனை ஐயமின்றி உரைக்கின்றன. இரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி என்னும் செறிவு கிலோகிராமுக்கு 300 மில்லி ஆஸ்மோலைக் கடந்துள்ளதா என்று ஆய்வுக்கூடத்தில் அளப்பதே நம்பத்தக்க வழி. ஆய்வுக்கூடம் எட்டாத இடத்தில், குடித்த அளவைக் குறித்து வருவதும், இருந்தாற்போல் தோன்றும் குழப்பம், சோர்வு, நடையில் தள்ளாட்டம், சில நாட்களுக்குள் ஏற்படும் எடைக் குறைவு ஆகியவற்றைக் கண்டவுடன் மருத்துவருக்குச் சொல்வதுமே செய்யத்தக்கன.

எவ்வளவு, எவ்வாறு

அந்நெறிமுறைகளின்படி முதிய மாதர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆடவர்க்கு 2 லிட்டரும் பருகுவன வேண்டும். 200 மில்லி லிட்டர் கொள்ளும் தம்ளரால் முறையே 8, 10 தம்ளர்கள். வெப்ப மிகுதியிலும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளபோதும் இதற்கு மேலும் வேண்டும். இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்க்கு மட்டும் மருத்துவர் குறித்த அளவே அளவு. தேநீர், பால், மோர், கஞ்சி, எலுமிச்சை நீர் யாவும் கணக்கில் சேரும். தேநீர் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றிவிடும் என்று அஞ்சி அதனைக் கழித்துவிட வேண்டுவதில்லை. வயிற்றுப்போக்கு கண்டால் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்த உப்புக் கரைசற் பொட்டலம் முதியோர்க்கும் உரியது. அது குழந்தைகளுக்கு மட்டுமே என்று எண்ணுவோர் பலர்.

இனி, முதியவர் ஏன் குடிப்பதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். தாகம் மந்தமாதல் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் கழிப்பறை. இரவில் எழுந்து இருட்டில் நடந்து வழுக்கி விழுவோமோ என்ற அச்சம். படுக்கை நனைந்தால் ஏச்சு விழுமே என்ற நாணம். எழுப்பிச் செல்ல ஆளைக் கூப்பிட வேண்டிய சங்கடம். இவற்றை எண்ணி மாலை 4 மணிக்கு மேல் ஒரு வாய் நீரும் அருந்தாதவர் பலர். இரவுப் பணியாளரே நீரைக் குறைக்கச் சொல்லும் இல்லங்களும் உண்டு. இத்தகைய இடத்தில் நீரின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதால் யாதொரு பயனும் விளையாது. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் குறித்த நேரத்தில் அழைத்துச் செல்ல ஓர் ஆள் இம்மூன்றும் அமைந்தால் குடிக்கும் அளவு தானே உயரக் காணலாம். பணியாளர் இல்லத்தைப் பார்வையிடும்போது சமையலறைக்கு முன்னர்க் கழிப்பறையைப் பார்ப்பது முறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஏனையவை சிறியன. நிறைய ஊற்றிய எஃகுத் தம்ளர், வாத நோயுற்ற கைக்குக் கனமும் சூடுமாகும். பாதியளவு ஊற்றி இருமுறை கொடுக்கலாம். இரு பக்கமும் பிடியுள்ள கிண்ணம் இன்னும் நன்று. மாத்திரை விழுங்க ஒரு மடக்கு நீர் தருவதே வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு தம்ளர் தந்தால், நாளில் மும்முறை மருந்து உண்பவர்க்கு 600 மில்லி லிட்டர் எவர்க்கும் சுமையின்றிச் சேர்ந்துவிடும்.

விழுங்குதலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பக்கவாதத்துக்குப் பின்னரும் மறதி நோயிலும் விழுங்கும் ஆற்றல் குறைவதுண்டு. நீர் அருந்தியவுடன் இருமுதல், குரல் ஈரம் பட்டாற்போல் மாறுதல், உணவு கன்னத்தில் தங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். நம் நாட்டில் தம்ளரை உதட்டிற் படாமல் உயர்த்தி அண்ணாந்து குடிக்கும் வழக்கம் தூய்மைக்கு உகந்ததே. ஆயினும் விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்கு அது தீங்கானது. தலை பின்னே சாயும்போது நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்க வழி எளிதாகிறது; அதனால் நுரையீரல் அழற்சி நேரிடும். இவரை நிமிர்ந்து உட்காரச் செய்து, தலையைச் சற்றுக் குனிந்திருக்க விட்டு, சிறு சிறு மடக்காகத் தர வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடலாகாது. படுத்திருப்பவரின் வாயில் நீர் ஊற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். குறிகள் நீடித்தால் மருத்துவர் பார்த்து உணவின் பதத்தை முடிவு செய்வார்.

வட்டிலின் கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி வளர்ந்தோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோர்க்கு 1 கிராமாவது வேண்டும் என்பது மேற்குறித்த ஐரோப்பிய நெறிமுறைகளின் துணிபு. வயது ஏற ஏற உணவு குறையலாம், புரதம் குறையலாகாது. கலோரி கிலோவுக்குச் சுமார் 30.

50 கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவரைக் கொள்வோம். அவருக்கு 50 கிராம் புரதமும் 1,500 கலோரியும் தேவை. நாள் முழுவதற்கும் அரிசி 250 கிராம், பருப்பு 40 கிராம், பால் 150 மில்லி லிட்டர், காய்கறி 200 கிராம், எண்ணெய் 20 கிராம், சர்க்கரை 20 கிராம் இடப்படுகின்றன எனின், அரிசியில் 20, பருப்பில் 9, பாலில் 5, காய்கறியில் 3 என ஏறத்தாழ 37 கிராம் புரதம் கிட்டும். கலோரி 1,400க்குச் சற்று மேல். கலோரி ஏறக்குறைய நிறைவு. புரதத்தில் 13 கிராம் குறைவு. இதுவும் முழுதும் உண்டால்தான். கால்பங்கு மீந்தால் புரதம் 28 கிராமாகச் சுருங்கிவிடும். ஒரு முட்டை 6 கிராமும், 100 கிராம் தயிர் 3 கிராமும், பீகாரில் ‘சத்து’ என வழங்கும் வறுத்த கடலை மாவு 20 கிராம் 4 கிராமும் தரும். குறை தீர்ந்தது. முட்டை உண்ணாதார்க்குப் பாலையும் பருப்பையும் கூட்டலாம். கூடுதற் சோறு இட்டுக் குறையைத் தீர்க்க முயல்வது வீண். பசி மந்தமானவர் சோற்றாலேயே வயிறு நிறைந்து ஏனையவற்றை ஒதுக்கிவிடுவார். சிறிய அளவில் செறிந்த உணவே அவருக்கு ஏற்றது. கஞ்சியில் பாலும் கடலை மாவும், கிச்சடியில் பருப்பு மிகுதியும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்தால் அளவு பெருகாமலே ஊட்டம் பெருகும்.

சுண்ணாம்புச் சத்துக்குப் பாலும், 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் அதனை உடைய கேழ்வரகும் உள்ளன. வைட்டமின் டி வெயிலால் விளைவது. முதிய தோலில் அது விளைவது குறைவு. வைட்டமின் பி12 குறைவும் அடிக்கடி காணப்படுவதே. இவ்விரண்டையும் மருத்துவர் சோதித்து மருந்தாகத் தருதல் தகும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பணியாளர் வீடு திரும்பும் வசதிக்காக இரவு உணவை மாலை 6 மணிக்கே முடித்து, காலை உணவை 8 மணிக்கு அளிப்பது பல இல்லங்களில் வழக்கம். இடையே 14 மணி நேரம்! படுக்கும் முன் ஒரு குவளைப் பாலும் விடியலில் தேநீருடன் இரண்டு ரொட்டித் துண்டுகளும் இந்த நெடும் பட்டினியை முறிக்கும். செலவும் மிகுதியன்று.

உப்பின்றியும் சர்க்கரையின்றியும் எண்ணெயின்றியும் அனைவர்க்கும் ஒரே ‘பத்திய’ உணவு சமைக்கும் வழக்கம் வருந்தத்தக்கது. மெலிந்து வரும் முதியவர்க்குக் கடும் பத்தியத்தால் வரும் நன்மையைக் காட்டிலும் உண்ணாமையால் வரும் கேடே பெரிது. பத்தியத்தைத் தளர்த்தலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பற்களைப் பார்த்தலும் அவசியம். இளைத்தவரின் பொய்ப்பற்கள் ஈறிற் பொருந்தாமல் ஆடும். அவர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மென்சோறு மட்டும் உண்டு மேலும் இளைப்பார். உணவு ஊட்டும் பணியாளர் நின்றுகொண்டு விரைந்து ஊட்டாமல், எதிரே அமர்ந்து, ஒரு கவளம் விழுங்கிய பின்னரே அடுத்ததைத் தருவாராக.

நோன்புகளைப் பற்றியும் கூற வேண்டும். ஆதரவற்ற கைம்பெண்டிர் பலர் வாழும் பிருந்தாவனத்தில் 2018இல் ஆயிரம் பேர் தங்கத்தக்க ‘கிருஷ்ண குடீர்’ என்னும் இல்லம் திறக்கப்பட்டது. அத்தகைய ஊர்களில் ஏகாதசி நோன்பு வாழ்வின் ஊன்றுகோல். அவற்றுள் நீரும் அருந்தாத நிர்ஜல ஏகாதசி மே, ஜூன் மாதங்களில், கடுங்கோடையிலேயே வருகிறது. பக்தியைப் பழிப்பதால் பயனில்லை; மறைவாக நீர் கலந்து ஊட்டுவது அடாத செயல். நாட்காட்டியைப் பார்த்து அந்நாளை முன்னரே குறித்துக்கொண்டு, நீரிழிவுக்கோ சிறுநீர் பெருக்கவோ மருந்து உண்பவர்களின் பெயர்களை மருத்துவரிடம் தந்து, அவர்கள் மதிக்கும் பெரியவர் ஒருவர் வாயாலேயே விலக்குச் சொல்லச் செய்வது நல்வழி. நோற்போர்க்கு முந்திய நாள் முழுதும் நீர் தாராளமாகத் தந்து, நோன்பு நாளில் வெயிலில் செல்லாமல் பார்த்து, மறுநாள் விடியலிலேயே பாரணைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பதிவேடும் பயிற்சியும்

மாதம் ஒருமுறை, ஒரே எடைப்பொறியில், காலை உணவுக்கு முன் எடை பார்த்தல் வேண்டும். ஆறு மாதங்களுக்குள் நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் அனுப்புக. நிற்க இயலாதவர்க்குக் கெண்டைக்காலின் சுற்றளவை அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் குறைவது மெலிவின் குறி என்பது மேனாட்டு வழக்கு. சிறிய உடலமைப்புடைய நம்மவரிடம் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதினும், ஒருவரின் அளவை அவருடைய சென்ற மாத அளவோடு ஒப்பிடுவதே சிறப்பு.

ஆசிரியர் வகுப்பில் கீழ்க்கண்ட கணக்குகளைக் கொடுக்கலாம். ஒரு மூதாட்டியின் எடை மார்ச்சில் 50, ஏப்ரலில் 49.2, மே மாதம் 48.4, ஜூனில் 47.4 கிலோ. மாதந்தோறும் குறைவு 1 கிலோவைத் தாண்டவில்லை. ஆகவே பணியாளர் எதுவும் எழுதவில்லை. இது சரியா? மார்ச்சிலிருந்து குறைந்தது 2.6 கிலோ, அதாவது நூற்றுக்கு 5.2 வீதம், பதிவேட்டின் முந்திய பக்கங்களைப் புரட்டாமல் இது தெரியாது. மற்றொன்று: அதே மூதாட்டி ஒரு நாளில் காலைத் தேநீர் 150, சிற்றுண்டியுடன் நீர் 200, முற்பகல் மோர் 150, நண்பகல் நீர் 200, மாலைத் தேநீர் 150, இரவு நீர் 200, பால் 100 மில்லி லிட்டர் அருந்தினார். கூட்டினால் 1,150, குறைவு 450. இந்த 450 மில்லி லிட்டரை எந்தெந்த வேளையில், எவர் கையால், இரவுத் தூக்கம் கெடாமல் சேர்ப்பது என்பதை மாணவர் குழுவாகக் கூடி எழுதித் தருக. எழுதிய அட்டவணையை அருகிலுள்ள இல்லத்தில் ஒரு வாரம் நடத்திப் பார்த்து, குடித்த அளவை மீண்டும் குறித்து வருக.