அன்பிற்குரிய அடிவருடிகள்
‘மினியன்ஸ்’ திரைப்படம் காட்டும் நகையும் நெறியும்

மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினையும் விளக்கி, அந்நான்கும் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டு ஒன்று கூறுமாறு மாணவர்களை வினவினோம். “மினியன்ஸ், ஐயா” என்று கடைசி வரிசையிலிருந்து விடை வந்தது. வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும், விளையாட்டாகச் சொல்லப்பட்ட அவ்விடை பிழையன்று என்பதைப் பின்னர் அப்படத்தைக் கண்டபோது உணர்ந்தோம். உடன் ஒரு வினாவும் எழுந்தது. தீயோரைத் தேடித் தேடிச் சென்று அடிபணியும் ஒரு கூட்டத்தைச் சிறுவரும் பெரியோரும் இத்துணை விரும்புவது ஏன்? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமும் பெயரும்

கார்ட்டூன் என நாம் வழங்கும் அசைவூட்டப் படங்களுள் ஒன்று ‘மினியன்ஸ்’. அமெரிக்காவின் இல்லுமினேஷன் நிறுவனம் தயாரிக்க, பியர் காஃபின், கைல் பால்டா ஆகிய இருவரும் இயக்கிய இப்படம் 2015-இல் வெளிவந்தது. உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2010-இல் வெளிவந்த ‘டெஸ்பிக்கபிள் மீ’ என்னும் படத்தில் குரு என்னும் வில்லனின் ஏவலர்களாக அறிமுகமான மஞ்சள் நிறக் குட்டி உயிர்களே இதன் கதைத்தலைவர்கள்.

‘மினியன்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. பிரெஞ்சு மொழியில் ‘அன்பிற்குரிய’, ‘அழகிய’ என்னும் பொருள் தரும் சொல் ஆங்கிலத்துட் புகுந்து, காலப்போக்கில் ‘வலியோர்க்கு அடிவருடுபவன்’ என இழிபொருள் பெற்றது. செல்லப்பிள்ளை என்ற பொருளும் அடிவருடி என்ற பொருளும் ஒரே சொல்லில் உறைகின்றன. இப்படத்தின் சுவை முழுவதும் இவ்விரு பொருள்களுக்கு இடையே விளைவதேயாகும்.

கதை

உலகில் உயிர்கள் தோன்றிய காலந்தொட்டே மினியன்கள் வாழ்கின்றனர். அவர்களின் வேட்கை ஒன்றே ஒன்று: இருப்பவர்களுள் மிகக் கொடியவன் எவனோ, அவனுக்குப் பணிபுரிய வேண்டும். ஆயின் அவர்கள் தொட்டதெல்லாம் தலைவனுக்கே கேடாய் முடிகிறது. டைனோசர் எரிமலையில் வீழ்கிறது. எகிப்திய மன்னன் தலைகீழாகக் கட்டப்பட்ட பிரமிடின் கீழ் நசுங்குகிறான். திரையை விலக்கி வெயிலைக் காட்டியதால் டிராகுலா சாம்பலாகிறான். நெப்போலியன் அவர்களின் பீரங்கிக்கே இலக்காகிறான்.

தலைவனின்றிப் பனிக்குகையில் வாழும் அவர்கள் உணவும் உறையுளும் இருந்தும் சோர்ந்து வாடுகின்றனர். கெவின், ஸ்டுவர்ட், பாப் என்னும் மூவர் புதிய தலைவனைத் தேடிப் புறப்பட்டு, 1968-ஆம் ஆண்டின் நியூயார்க் நகரை அடைகின்றனர். ஆர்லாண்டோவில் நடக்கும் வில்லன்கள் மாநாட்டில் ஸ்கார்லெட் ஓவர்கில் என்னும் கொடியாள் அவர்களைப் பணியில் அமர்த்துகிறாள். இங்கிலாந்து அரசியின் மணிமுடியைத் திருடி வருமாறு பணிக்கிறாள். எவராலும் உருவ இயலாத வாளைக் கல்லிலிருந்து தற்செயலாக உருவிவிடும் பாப், அந்நாட்டுக்கே மன்னனாகிறான். மணிமுடியை மகிழ்ந்து அவள் கையில் கொடுத்தும் அவள் சினம் தணியவில்லை. மூவரையும் சிறையில் தள்ளுகிறாள்.

நகையின் நிலைக்களன்கள்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனையும் நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறுவார். இந்நான்கும் இங்கே நிறைந்துள்ளன.

பேரரசர்களும் பெருவீரர்களும் கேலிக்கு உள்ளாவது எள்ளல். கரடிப்பொம்மையை மார்போடு அணைத்துத் திரியும் பாப்பின் செயலெல்லாம் இளமை. இளமைக்குத் துணை செய்வது அவர்களின் மொழி. அது முறையான மொழியன்று. பல மொழிச் சொற்களைக் குழைத்த மழலை. மினியன்களுக்குக் குரல் தந்தவர் இயக்குநர் காஃபினே. அவர்தம் அன்னையார் என். எச். டினி, இந்தோனேசியாவின் புகழ்பெற்ற நாவலாசிரியர். அம்மழலையினூடே ‘தெரிமா காசே’ என்ற நன்றிச்சொல் ஒலிப்பது வியப்பன்று. மலாய் நாட்டில் வணிகம் செய்து திரும்பிய நம் பெரியோர், பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்து இப்படத்தைக் காண நேர்ந்தால் அச்சொல்லை உடனே இனங்கண்டு கொள்வர்.

நம் வினாவுக்கு விடை தருபவை எஞ்சிய இரண்டுமாம். பேதைமையாவது அறியாமை, தாம் செய்வது தீது என்பதை மினியன்கள் அறியார். மடன் அதனின் வேறு. பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமையே மடன் என உரையாசிரியர் விளக்குவர். பேதைமை அறிவு வந்தால் நீங்கிவிடும். மடனோ அறிவு வந்த பின்னும் பிடியை விடாது.

மினியன்களிடம் உள்ளது பேதைமை மட்டுமே என்று எண்ணித்தான் நாம் அவர்களை விரும்புகிறோம். இத்தொடரின் பிற படங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. தாயற்ற மூன்று சிறுமியரை வளர்க்கத் தொடங்கிய குரு, மெல்ல மெல்ல நல்வழிக்குத் திரும்புகிறான். 2017-இல் வெளிவந்த மூன்றாம் படத்தில், இனித் தீமை செய்வதில்லை என்று அவன் உறுதியாக மறுத்ததும், மினியன்களுள் பெரும்பாலோர் அவனைவிட்டு வெளியேறுகின்றனர். வெளியேறியவர்கள் இறுதியில் சிறை புகுகின்றனர். அன்பு காட்டிய தலைவனைத் துறந்தது எதற்காக? அவன் நல்லவன் ஆனமைக்காக. அறியாமையால் தீமைக்குத் துணைபோனவர் இவ்வாறு செய்யார். பற்றியதை விடாத மடனே அவர்களை இழுத்துச் செல்கிறது.

சிரிப்பின் மறைவில்

அவ்வாறாயின் நாம் ஏன் அஞ்சாமல் சிரிக்கிறோம்? கதையாசிரியர் நமக்கு ஓர் உறுதி தந்திருக்கிறார். மினியன்கள் எந்தக் கொடியவனுக்குப் பணிபுரிந்தாலும் அவர்களின் தடுமாற்றமே அவனை வீழ்த்திவிடும். ஏவலின் விளைவு ஏழைகளைச் சென்று சேர்வதில்லை. கைதவறுதலே அறத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

வாழ்வில் அந்த உறுதி இல்லை. கொடியோனின் ஏவலர் பெரும்பாலும் கைதவறுவதில்லை. சொன்னதைச் செவ்வனே செய்து முடிக்கின்றனர். அவர்களும் வீட்டில் அன்பானவர்களே, நண்பர்க்கு உதவுபவர்களே. ‘நான் செய்தேனா? சொன்னார்கள், செய்தேன்’ என்னும் ஒரு சொல்லில் தம் பங்கை மறந்துவிடுகின்றனர். வெள்ளந்தி மனம் தீயோனுக்கு முதலீடாகும் இடம் இதுவே.

இங்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை ஒன்று சிந்திக்கற்பாலது. அநீதி இழைப்பவனாயினும், இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று அவர்கள் கூறியபோது, தோழர்கள் திகைத்தனர். இழைக்கப்பட்டவனுக்கு உதவுவது புரிகிறது. இழைப்பவனுக்கு உதவுவது எங்ஙனம் என்று வினவினர். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். தோழர்கள் கேட்ட வினாவும் நம் கருத்துக்குரியது. அவர்கள் தம் உயிரினும் மேலாக நேசித்த தலைவரின் சொல்லைக் கேட்டபோதும், விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லத் தயங்கவில்லை. அவர்களின் வினாவால் அன்றோ நமக்கு அவ்விளக்கம் கிடைத்தது!

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், படத்தின் இறுதிப்பகுதி புதுப்பொருள் தருகிறது. ஸ்டுவர்ட்டையும் பாப்பையும் கொல்வதாக ஸ்கார்லெட் மிரட்டுகிறாள். அவர்களை மீட்கப் போராடும் கெவின், ஒரு பொறியின் விளைவால் மாளிகையளவு பேருருவம் கொள்கிறான். அவள் ஏவிய வெடிகணையையும் தானே விழுங்கிவிடுகிறான். தலைவனைத் தேடி அலைந்தபோதெல்லாம் சிற்றுருவாய் இருந்தவன், தலைவியை எதிர்த்து நின்றபோது பேருருவானான். இயக்குநர்கள் கருதினரோ, கருதிலரோ, படத்தின் பொருள் முழுவதும் அக்காட்சியில் அடங்கியுள்ளது. ஆயின் கெவின் மீண்டும் சிறுத்துவிடுகிறான். மணிமுடியைத் திருடிக்கொண்டு ஓடும் குரு என்னும் சிறுவனைக் கண்டதும், ‘இவனே நம் தலைவன்’ என்று அனைவரும் அவன்பின் ஓடுகின்றனர். மடன் விட்டபாடில்லை.

முடிவுரை

ஆசிரியர்களாகிய நாமும் நம்மை வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். சொன்னதைச் செய்யும் மாணவனை நல்லவன் என்கிறோம்; ஏன் என்று கேட்பவனை அடங்காதவன் என்கிறோம். அடக்கம் உயர்ந்த பண்பே, ஐயமில்லை. ஆயின் அடக்கத்தைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு மடனைக் கற்பித்துவிடுகிறோமோ என்னும் அச்சம் நமக்கு உண்டு. வகுப்பறையில் வினா எழுப்பப் பழகாத நாக்கு, நாளை ஒரு பெரிய மனிதர் தவறான கோப்பில் கையொப்பமிடச் சொல்லும்போது எப்படிப் புரளும்?

மாணவச் செல்வங்களே, மினியன்களைக் கண்டு மகிழுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். அவர்களின் ஒற்றுமையையும் நண்பனுக்காக உயிர்கொடுக்கத் துணியும் நெஞ்சையும் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் நேசிக்கும் ஒருவர் தவறான வழியில் நடக்கும்போது மட்டும் அவர்பின் ஓடாதீர்கள். அவர் கையைப் பற்றி நிறுத்துங்கள். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுவே.

கடைசி வரிசையிலிருந்து விடை சொன்ன அம்மாணவருக்கு முழு மதிப்பெண் உரியது. அந்நான்கனுள் மடன் எது என்று அவர் அடுத்த வகுப்பில் நம்மிடம் வாதிட முன்வருவாராயின், அதனினும் மகிழ்வோம்.