கல்வாழைப் பாத்தியில் எதை வைப்பது, எதை எடுப்பது?

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் தனிவீடு கட்டியவர்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி வாழை வைப்பார்கள். அதற்கடுத்துப் பெரும்பாலும் வருவது கல்வாழை. குளிக்கும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் நட்டுவிட்டால் போதும், தானே வளரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் கிழங்கின்மேல் கிழங்கு ஏறி, பாத்தி நெருங்கிவிடும். பூ சிறுக்கும், தண்டு இளைக்கும். நடுவில் இருப்பவை அழுகும். குளிர்நாட்டுக்காரர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை ஐரிஸ் கிழங்கைத் தோண்டிப் பிரித்து, வேண்டாததைக் கழிப்பார்கள். தாடி ஐரிஸுக்குக் குளிர்காலம் வேண்டும். சென்னை வெக்கையில் அது பூக்காது. அந்த வேலையை நாம் செய்யவேண்டிய செடி கல்வாழை.

முதல் வேலை அடையாளம் கட்டுவது. தோண்டி எடுத்த பிறகு எந்தக் கிழங்கு எந்தப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தை முதல் சித்திரைவரை பூத்திருக்கும்போதே முடிவெடுங்கள். பழைய துணியைக் கிழித்து மூன்று நிறத்தில் நாடா வைத்துக்கொள்ளுங்கள்: பச்சை வைக்க, சிவப்பு எடுக்க, மஞ்சள் இன்னும் ஒரு பருவம் பார்க்க. நாடாவைப் பூத்த தண்டில் கட்டாதீர்கள். கல்வாழையில் ஒரு தண்டு பூத்து முடித்தால் அதன் கதை முடிந்தது, அதை அடியோடு வெட்டிவிடுவோம், நாடாவும் குப்பைக்குப் போய்விடும். அதே கிழங்கிலிருந்து பக்கத்தில் கிளம்பும் இளங்கன்றின் அடியில் கட்டுங்கள்.

அடுத்தது நோய். நிறம், உயரம், அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான். எவ்வளவு பிடித்த செடியாக இருந்தாலும் வைரஸ் வந்துவிட்டால் சிவப்பு நாடாதான். மருந்து கிடையாது. கன்னா யெல்லோ மாட்டில் வைரஸ் போன்றவை கிழங்கு வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. நாம் பிரித்து நட்டு, அக்கம்பக்கத்தில் கொடுத்து, நம் கையாலேயே தெருவெல்லாம் பரப்புகிறோம். வேறு சில வைரஸ்களை அசுவினி பரப்பும். இலை நரம்பை ஒட்டி விட்டுவிட்டு ஓடும் மஞ்சள் கீற்று, பிறகு அந்தக் கீற்றே பழுப்பாகிக் காய்வது, பூவிதழில் ஒழுங்கில்லாத நிறத் தெறிப்பு, செடி குறுகுவது ஆகியவை வைரஸின் அறிகுறிகள்.

இங்கே இரண்டு குழப்பம் வரும். ஒன்று, கோடு போட்ட இலைக்காகவே விற்கும் ‘பெங்கால் டைகர்’ வகை. அதன் மஞ்சள் கோடு நடுநரம்பிலிருந்து ஓரம்வரை அறுபடாமல் ஓடும், எல்லா இலையிலும் ஒரே ஒழுங்காக இருக்கும், காயாது. அது ஆரோக்கியமான செடி.

மற்றது நம் போர்வெல் தண்ணீர். தென் புறநகரில் பல இடங்களில் தண்ணீர் உப்பும் கடினமும். அதையே ஊற்றி வந்தால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. புதிய இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். வைரஸ் என்று பயந்து நல்ல செடியைப் பிடுங்குபவர்கள் இதனால்தான் பிடுங்குகிறார்கள். சோதனை எளிது. ஒரு லிட்டர் மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. அடுத்து விரியும் இலை பச்சையாக வந்தால் பசிதான் காரணம், பச்சை நாடா கட்டலாம். கீற்று அப்படியே இருந்தால் எடுத்துவிடுங்கள். கரைசல் சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

இலையடியில் ஆரஞ்சுப் பொடி படிந்தால் அது துரு நோய். அந்த இலைகளை அறுத்து அகற்றி, காற்றோட்டம் கொடுத்தால் கட்டுப்படும். புழு தின்ற ஓட்டை, மழைக்கால நத்தைக் கடி எதற்கும் செடியை எடுக்க வேண்டியதில்லை.

இப்போது பூ. நர்சரியில் காலை எட்டு மணிக்குப் பார்த்து மயங்கிய நிறத்தை, சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊருக்கு அதுதான் பரீட்சை. மெல்லிய பெரிய இதழ் கொண்ட வகைகள் அதற்குள் கருகித் தொங்கும். இதழ் சற்றுச் சிறிதானாலும் சாயங்காலம்வரை நிற்பதே வைக்கத் தகுந்தது. வாடிய பூ தானே உதிர்கிறதா, காம்பிலேயே ஒட்டிக்கொண்டு அழுக்காகத் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒட்டிக்கொள்ளும் வகைக்குத் தினமும் கை வேலை. முதல் கொத்து முடிந்ததும் அதற்குக் கீழ்க் கணுவிலிருந்து இன்னொரு கொத்து வருகிறதா பாருங்கள். இரண்டாவது கொத்து கொடுக்கும் செடியை நான் எந்த நிறமானாலும் விடமாட்டேன்.

பூக்கவே இல்லை என்பதற்காக உடனே எடுக்காதீர்கள். கல்வாழைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்தில் மாடி எழும்பி நிழல் விழுந்த இடத்தில் அது இலையாகவே வளரும். மஞ்சள் நாடா கட்டி, வெயிலுக்கு மாற்றி, அடுத்த பங்குனிவரை பொறுங்கள்.

இடமும் முடிவைத் தீர்மானிக்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மனைக்குக் கல்வாழை நல்ல தேர்வு, வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்கும். ஆளுயரத்துக்கு மேல் போகும் வகைகள் மட்டும் புயல் காற்றில் அடியோடு சாய்ந்து கிழங்கையும் பெயர்த்துவிடும். உயரமானவற்றைச் சுவர் மறைவில் வைத்து, கேட் பக்கம் குட்டை வகைகளை மட்டும் விடுங்கள். அடுக்குமாடி பால்கனித் தொட்டிக்கும் குட்டை வகைதான்.

தானாக முளைத்தவை பற்றி ஒரு வார்த்தை. கரிய குண்டுமணி போன்ற விதை விழுந்து முளைக்கும் கன்று தாயைப் போல இருக்காது. பெரும்பாலும் சிறு சிவப்புப் பூவோடு, மிகுந்த வேகத்தோடு வளர்ந்து, நல்ல வகையை நெருக்கிக் கொல்லும். முன்பாத்தியிலிருந்து அவற்றை எடுங்கள், ஆனால் தூக்கி எறிய வேண்டாம். குளியலறைத் தண்ணீர் போகும் பாத்திக்கு இவற்றைப்போல உழைப்பாளி கிடையாது. சென்னையில் வேதியியலாளர் இந்துகாந்த் ராகடே, குளியல், துவையல் தண்ணீரைக் கல்வாழையும் வாழையும் நட்ட மண்வழியே விட்டு நிலத்தடிக்கு அனுப்பலாம் என்று பல வருஷம் எடுத்துச் சொன்னார். அந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, மண் இழுத்துக்கொள்ள வேண்டும். தேங்கினால் கொசுதான் மிஞ்சும்.

தோண்டும் வேலைக்கு ஆடி சரியான மாதம். அக்னி நட்சத்திரம் தணிந்து, சாயங்கால மழை தலைகாட்டும். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். பச்சை நாடாச் செடிகளை முதலில் தோண்டுங்கள், சிவப்பைக் கடைசியில். கத்தியால் நோய் பரவாமலிருக்க இதுவே வழி. ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியை, பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்த கரைசலில் நனைத்துத் துடையுங்கள். கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது, அமுங்கி நாற்றம் வந்தால் அந்தப் பகுதியை வெள்ளை சதை தெரியும்வரை அறுத்தெடுங்கள். ஒரு துண்டில் இரண்டு மூன்று முளைக்கண் இருக்கட்டும். வெட்டுவாயை ஒருநாள் நிழலில் உலரவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் நாலு அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். இடைவெளியில் கஞ்சத்தனம் பார்த்தால் அடுத்த வருஷமே மறுபடி தோண்ட வேண்டும்.

நோயில்லாத மிச்சக் கிழங்கை, பூவின் நிறத்தை எழுதி, தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். வைரஸ் பிடித்ததைக் கொடுக்கவும் வேண்டாம், எருக்குழியில் போடவும் வேண்டாம். நறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் முளை முழுக்கச் செத்துக் காயும்வரை வைத்து, பிறகு குப்பை வண்டியில் சேருங்கள். எந்தக் கிழங்கையும் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். சின்னத் துண்டு கூட ஈரத்தில் வேர்விட்டு வாய்க்காலை அடைக்கும். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை வழியாகப் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. உங்கள் வீட்டுக் கழிவுக் கிழங்கு அங்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.