கடிதம் எங்கே நின்றது? ஈமெயில் வராதபோது நாம் பார்க்க வேண்டியவை



நமது லயங்கள் பலவற்றுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் எங்கோ மேசையில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையின் கைக்கு வந்த கதை பல தோட்டங்களில் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஈமெயில் விலாசம் வேண்டும் என்று நாம் சொல்லி வருகிறோம். அது யார் கையையும் எதிர்பார்க்காத சொந்த விலாசம். ஆனால் அந்தக் கடிதமும் சில வேளை வழியில் நின்றுவிடும். எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதே இம்முறைப் பாடம்.

நமக்குக் கிடைத்த பாடம்

சென்ற வருடம் உயர்தரம் முடித்த ஒரு மகள், நேர்முக அழைப்பை எதிர்பார்த்து நமது நிலையத்துக்குத் தினமும் வந்து போவார். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு, திங்கட்கிழமை, சேர்வருடன் பாதுகாப்பான தொடர்பு இல்லை என்று கம்பியூட்டர் காட்டியது. "லைன் பிழை, நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டோம். செவ்வாயும் அதே கதை, புதனும் அதே கதை. வியாழன் அன்று கூட வந்த தம்பிதான் திரையின் மூலையைக் காட்டினான். "சேர், இதுல 2009ன்னு இருக்கே!"

திகதியைத் திருத்தினோம். கடிதம் வந்து விழுந்தது. திங்களே அனுப்பிய கடிதம். நேர்முகம் மறுநாள் காலை, பேராதனையில். பிள்ளை எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று நாள் வீணானது நமது அறியாமையால்தான். போனில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கடவுச்சொல் கம்பியூட்டருக்குள்ளே பதிந்து கிடந்தது. அது பிள்ளைக்கும் நினைவில்லை, நமக்கும் தெரியாது.

வரிசையாகப் பார்ப்போம்

1. செய்தியை எழுதிக்கொள்ளுங்கள். பிழை என்று பெட்டி வந்ததும் அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம். அதில் உள்ளதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி. நோயின் பெயர் தெரிந்தால்தான் மருந்து.

2. திகதியும் நேரமும். சேர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கம்பியூட்டரின் திகதி பிழைத்தால், நல்ல சான்றிதழையும் அது செல்லாது என்று தள்ளிவிடும். பழைய கம்பியூட்டர்களில் கரண்ட் போகும்போதெல்லாம் திகதி பின்னுக்குப் போனால், உள்ளே இருக்கும் காசு போன்ற சிறிய பெட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். அனேகமானவற்றில் இருப்பது சீஆர் 2032 என்ற வகை. அதை மாற்றினால் சரி.

3. இன்டர்நெட் லைன். வேறு ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். எதுவும் திறக்காவிட்டால் ரவுட்டரை நிறுத்தி, முப்பது வரை எண்ணி, மறுபடி போடுங்கள். நமது பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழக்கம் அதிகம். மழை இருட்டும்போதே ரவுட்டரின் கரண்ட் வயரையும் டெலிபோன் வயரையும் கழற்றி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரில் கை வைக்க வேண்டாம்.

4. கடவுச்சொல். கடவுச்சொல் சரிதான், ஆனாலும் பிழை என்கிறதா? 2022 மே 30 முதல், வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் பழைய புரோகிராம்களை ஜிமெயில் ஏற்பதில்லை. கூகுளின் சொந்தப் பக்கம் வழியாக நுழையக்கூடிய புதிய புரோகிராம் வேண்டும். இல்லாவிட்டால், இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டு, கூகுள் தரும் 16 எழுத்துத் தனிக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

5. வரவும் போக்கும் வேறு வேறு. தபால் கந்தோரில் பார்சலுக்கு ஒரு கவுண்டர், மணி ஓடருக்கு ஒரு கவுண்டர் இருப்பது போல, சேர்வரிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலக்கம் உண்டு. கடிதம் எடுக்க ஐமெப் முறைக்கு 993, பொப் முறைக்கு 995. கடிதம் அனுப்ப 465 அல்லது 587. பழைய 25ஆம் இலக்கத்தைப் பல கம்பனிகள் குப்பைக் கடிதங்களைத் தடுக்க மூடி வைத்துள்ளன. கடிதம் வருகிறது, ஆனால் போக மாட்டேங்குது என்றால், அனுப்பும் பக்கத்து இலக்கத்தை மட்டும் பாருங்கள். சரியாக இருப்பதைக் கிண்டிக் கெடுக்க வேண்டாம்.

6. பெட்டி நிறைந்துவிட்டதா? ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி வரைதான். கூகுளில் சேமிக்கும் போன் படங்களும் அதற்குள்ளேதான் அடங்கும். கலியாண வீட்டு வீடியோவெல்லாம் ஏறி இடம் நிறைந்தால், புதிய கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வேண்டாததை அழித்து இடம் வையுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். மாதம் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். கடைக்காரரிடமோ, ஏன், நம்மிடமோகூட அதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் கம்பியூட்டரில் பார்த்தால் கணக்கை விட்டு வெளியேறிய பிறகே எழும்புங்கள்.

முக்கியமான கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் நாட்களில் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். கம்பியூட்டர் மறுத்தால் அன்றைக்கே ஒரு போனில் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், அழைப்பு வரவேண்டிய இடத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

அ. உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஈமெயில் கடவுச்சொல் எங்கே எழுதி இருக்கிறது?
ஆ. கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்தது எந்தத் திகதி?
இ. இதே விலாசத்தை வேறொரு போனில் இன்றைக்கே திறக்க முடியுமா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் விலாசம் பத்திரம். ஒன்றுக்காவது பதில் இல்லாவிட்டால், சம்பள நாள் வரை காத்திராமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நமது நிலையத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இப்போதெல்லாம் நாமும் முதலில் திகதியைத்தான் பார்க்கிறோம்.