குழந்தைக்கு ‘இல்லை’ எனக் கூறும் முறை

பொய்யாமை என்னும் நான்காம் சீலத்தைப் பற்றி நினைக்கும்போது, வாணிகத்தில் உரைக்கும் பொய்யும் வழக்கில் உரைக்கும் பொய்யுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் மடியிலுள்ள குழந்தையிடம் நாள்தோறும் நாம் உரைக்கும் பொய்யை நாம் பொய்யென்றே கருதுவதில்லை.

கொச்சி நகரத்து இடப்பள்ளியில் 2013-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லுலு பேரங்காடி போன்றதோர் இடத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை பொம்மைக் கடை முன் நின்று அழுகின்றது. “கடையைப் பூட்டிவிட்டார்கள், கண்ணே” என்கின்றாள் தாய். கடையிலோ விளக்குகள் எரிகின்றன. பிறர் பொருள் வாங்குகின்றனர். அதனைக் குழந்தையும் காண்கின்றது. அழுகை மிகவே, “போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்” என்று தந்தை அச்சுறுத்துகின்றார். அன்று மாலை இவ்விருவரும் குழந்தையை அருகிருத்திப் பஞ்சசீலம் ஓதுவராயின், அச்சொற்களை அது எவ்வாறு நம்பும்?

பகவான் தம் மைந்தராகிய இராகுலருக்கு அம்பலட்டிகையில் போதித்த செய்தி மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. அப்பொழுது இராகுலருக்கு ஏழு வயது என்பது உரை மரபு. பாத்திரத்தில் சிறிது நீரை எஞ்சவிட்டுக் காட்டி, அறிந்தே பொய் கூறுவோனது துறவறமும் அத்துணைச் சிறிதே என்றார். பின்னர் அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்கும் பொய் கூறாதிருக்கப் பழகவேண்டும் என்பதே அப்பாடம். குழந்தைக்குக் கற்பித்த இதனைக் குழந்தையிடம் பேசும் நாம் மறக்கலாமோ?

அங்ஙனமாயின், குழந்தை வருந்துமென்று எதனையும் மறுக்காதிருத்தல் தகுமோ? தகாது. இதற்கு விடை அதே நிகாயத்தின் அபயராசகுமார சூத்திரத்தில் உள்ளது. ததாகதர் பிறர்க்கு இனிமையற்ற சொல்லைக் கூறுவரோ என்று அபயன் வினவினான். அவன் மடியில் பச்சிளங்குழந்தை ஒன்று கிடந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயிலிட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவான் கேட்டார். குருதி வரினும் எடுத்துவிடுவேன்; குழந்தையிடத்து எனக்குள்ள இரக்கமே காரணம் என்றான் அபயன். அவ்வாறே, உண்மையும் பயனும் உடைய சொல் இனிமையற்றதாயினும், ததாகதர் காலமறிந்து அதனைக் கூறுவர் என விளக்கினார் பகவான். பொய்யும் பயனற்றதுமாகிய சொல் இனிதாயினும் அவர் கூறார்.

இதனின்று இல்லறத்தார் கொள்ளத்தக்கவை நான்கு.

முதலாவது, தீங்கு நேரும் இடத்தில் கையே முந்துக. அடுப்பை நெருங்கும் குழந்தையைத் தூக்கி விலக்கிய பின்னரே சொல் வேண்டும்.

இரண்டாவது, மறுப்பு உண்மையாகவும் சுருக்கமாகவும் இருத்தல் வேண்டும். “பொம்மை அழகாகத்தான் இருக்கிறது. இன்று வாங்கப் போவதில்லை” என்பது போதும். நாளை வாங்குவோம் என்று கூறினால் நாளை வாங்குதல் வேண்டும். இயலாதெனின் அவ்வாறு கூறலாகாது.

மூன்றாவது, செய்யலாகாததைக் கூறுவதோடு செய்யத்தக்கதையும் காட்டுக. “ஓடாதே” என்பதினும் “என் கையைப் பிடித்து நட” என்பது குழந்தைக்கு எளிதில் விளங்கும்.

நான்காவது, அழுகையைக் குற்றமாகக் கொள்ளற்க. ஆசையை அடக்கும் ஆற்றல் இளங்குழந்தைக்கு மெல்ல மெல்லவே வளர்வது. அழும்போது அருகிருந்து அணைத்துக்கொள்க; ஆயினும், காண்போர் முன் நாணி ‘இல்லை’ என்றதை ‘ஆம்’ என்று மாற்றற்க. மாற்றினால், அழுதால் கிடைக்கும் என்பதையே நாம் கற்பித்தவராவோம்.

முன்னரே தவறியிருப்பின், அதனைத் திருத்தவும் வழியுண்டு. “கடை பூட்டியிருந்தது என்று அம்மா சொன்னது சரியன்று, இனிச் சொல்லமாட்டேன்” என்று குழந்தையிடமே கூறலாம். இதனால் பெற்றோர் மதிப்பு குன்றாது. தவறு நேர்ந்தால் ஒப்புக்கொண்டு திருந்தலாம் என்பதை அக்குழந்தை அன்று கண்ணாரக் காணும்.

இன்று பொம்மை கிடைக்காத வருத்தம் சிறிது நேரத்தில் தீரும். தாய் தந்தையர் சொல் மெய்யென்னும் நம்பிக்கையோ, அக்குழந்தை வளர்ந்து தம்மத்தைத் தானே ஏற்கும் நாள்வரை துணைநிற்பது. அந்நம்பிக்கையைக் காத்தல் நம் கடன்.